தமரு நேராகத்தான் போகுது

சோற்றைத் தின்று கை கழுவிவிட்டு வந்து, மரத்தில் துளை போடுகிற தமரின் குறுக்குக் கட்டையைப் பிடித்தபோதே குற்றாலிங்கத்துக்கு அலுத்துவிட்டது. தூக்க அலுப்பு இல்லை, வேலை அலுப்பும் இல்லை. அதெல்லாம் நல்லா ஒரு குளி குளித்தால் போகிற சங்கதி. இது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திரிக்க மாட்டேன் என்கிற அலுப்பு. முன்னால் கிடந்தது படகின் பின்கட்டை, கருமருது, இரும்புக்குத் தம்பி. அதில் எஞ்சின் தண்டு போகிற துளையைப் போட வேண்டும். உள்ளே எஞ்சின், வெளியே தண்ணீருக்குள் விசிறி, இரண்டையும் சேர்க்கிற தண்டுக்கு இந்த ஒரு வழிதான். ஆள் உயரத் தமரை இரண்டு கையாலும் திருகித் திருகி உள்ளே இறக்கி, கட்டையின் மறுமுகத்தில் காவியால் வைத்த புள்ளியில் கொண்டுபோய் வெளியே விட வேண்டும். பிசகினால் தண்டு உராயும், படகு நடுங்கும், கட்டையைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு வேறு மரம் தேட வேண்டியதுதான். இந்தக் காலத்தில் மரம் கிடைக்கிற லட்சணம் தெரியாதா? மெஷினைப் போட்டால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. மெஷின் அவசரக்காரன், மரம் இழுத்த பக்கமெல்லாம் ஓடிவிடுவான். நாளைக்கு எஞ்சின் வருதுய்யா என்று படகுக்காரர் மிக்கேல் காலையிலேயே வந்து முகத்துக்கு நேரே நின்று கத்திவிட்டுப் போனார். அந்த மனுஷன் இப்போதெல்லாம் எதையும் கத்தித்தான் சொல்கிறார். வரட்டும். எஞ்சின் வருகிறது, ஆடிக்காற்று வருகிறது, எல்லாம் வருகிறது. வரவேண்டியவள் மட்டும் வரவில்லை. குற்றாலிங்கம் விளக்கெண்ணெயைத் தொட்டுத் தமரின் நுனியில் தடவி, ஏற்கெனவே கொஞ்சம் போட்டிருந்த துளைக்குள் விட்டு, திருக ஆரம்பித்தார்.

பக்கவாட்டில், முட்டுக்கட்டை ஓரமாகப் பலகை போட்டு மச்சினன் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான். அவர் பெண்டாட்டி உலகம்மாளின் தம்பி. தமரு இடம் சாய்கிறதா வலம் சாய்கிறதா என்பது திருகுகிறவன் கண்ணுக்கே தெரிந்துவிடும். மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பது மட்டும் தலைகீழாக நின்றாலும் தெரியாது, அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன்தான் சொல்ல வேண்டும். ஆவுடை விறைப்பாகக் கட்டிய நூலையும் தமரின் முதுகையும் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். வாயால் சொல்லமாட்டான். ஒரு கையில் உளி, ஒரு கையில் ஆணி. உளித்தகட்டில் ஆணியால் ஒரு தட்டு என்றால் கையை உயர்த்து. இரண்டு தட்டு என்றால் கையைத் தாழ்த்து, உள்ளே நுனி மேலே ஏறும். தட்டே இல்லையென்றால் நேராகப் போகிறது, உன் பாட்டுக்குத் திருகு. இது குற்றாலிங்கம் போட்ட சட்டம். துளை போடும்போது பக்கத்தில் எவனாவது வாயைத் திறந்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும், தமரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நின்று வைவார். அதனால் ஆவுடை அந்தக் காலத்திலேயே பேசுகிறதை விட்டுவிட்டுத் தட்டக் கற்றுக்கொண்டான். எத்தனை படகு இறக்கியாச்சு இரண்டு பேரும், ஒரு துளை கோணியதாக எவனும் சொன்னது கிடையாது. இன்றைக்கும் பாரு, தொட்டதில் இருந்து ஒரு தட்டு இல்லை. நேராகத்தான் போகுது.

கேட்டுவிட வேண்டும். இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும். ஏரலில் இருந்து ஆவுடை தினமும் பஸ் ஏறி வருகிறான், உலகம்மாள் பொங்கிக் கட்டிக் கொடுத்த சோற்றைத்தான் இங்கே வந்து பிரிக்கிறான். அந்தத் துவையல் வாசனையே சொல்லிவிடும் அது யார் அரைத்தது என்று. பிரித்து வைத்துக்கொண்டு, அத்தான் சாப்பிடுதியளா என்று ஒரு பார்வை. வேண்டாம் என்று இவர் ஒரு தலையாட்டல். முடிந்தது பேச்சு. உங்க அக்கா அன்னைக்கு என்ன சொன்னா? இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்க வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது? ஆனால் எப்படிக் கேட்க? ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்று என்னமோ சொல்கிறாள், நீ ம் என்கிறாய், அவள் போகாமல் நிற்கிறாள், திரும்பவும் என்னமோ சொல்கிறாள், நீ சரி என்கிறாய், அவள் போய்விடுகிறாள், பங்குனியில் போனவள் ஆடி வந்தும் திரும்பவில்லை. இப்போது போய் அவள் தம்பியிடம், என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்று கேட்டால், ஏன், உங்க கிட்டதான சொன்னா என்பானே. மானக்கேடு. அரத்தை வைத்து இதே தமரின் நுனியைத்தான் அன்றைக்குக் கூர் போட்டுக்கொண்டிருந்தார். அரம் கிறீச்சிடும்போது பொம்பிளை பேச்சு காதில் விழுமா? கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறேன் என்றிருப்பாள் என்று இவராக நினைத்துக்கொண்டார். கொடை முடிந்தது. கிடா வெட்டினவர்கள் கறி தின்று செரித்து அடுத்த கொடைக்கு வரி பிரிக்கக்கூட ஆரம்பித்திருப்பார்கள். குற்றாலிங்கம் தமரை வெளியே உருவி, சுருள் சுருளாக வந்த துருவலைத் தட்டிவிட்டு மறுபடியும் உள்ளே விட்டார். துருவல் சிவப்பாக வந்தது. மரத்தின் நடுவயிற்றுக்கு வந்தாச்சு.

என்ன குறை வைத்தேன்? அதைச் சொல்லு முதலில். கை நீட்டினது உண்டா? கிடையாது. குடி? மருந்துக்குக்கூடக் கிடையாது. மகளை நல்ல இடம் பார்த்துக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்தாச்சு. ஒரு கெட்ட வார்த்தை இந்த வாயில் இருந்து அவளைப் பார்த்து வந்திருக்குமா? கோபம் வந்தால் மரத்தை வைவேன், ஆவுடையை வைவேன், அவளை இல்லை. அவளும் ஒன்றும் சாது கிடையாது, புதுசில் அவள் பண்ணின கூத்து கொஞ்சமா நஞ்சமா. வாயால் சண்டை போடமாட்டாள், குரலே தணிந்த குரல், அடுப்படியில் இருந்து பேசினால் நிலைப்படிக்கு வராது. ஆனால் பாத்திரம் பேசும். டம்ளரைக் கொண்டுவந்து தரையில் வைத்தால் ணங்! கரண்டியைச் சட்டிக்குள் போட்டால் டணார்! அந்தச் சத்தத்தை வைத்தே இவர் கண்டுபிடித்துவிடுவார், இன்றைக்கு அம்மன் ஆடுது, என்னமோ மறந்துட்டோம் என்று. பூவோ, மாத்திரையோ, அவள் அம்மா வீட்டுச் சடங்கோ. எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்று, என்ன தாயி, பாத்திரக் கடை வைக்கப் போறியா என்று கேட்டால் சிரித்துவிடுவாள். சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அப்புறம் அப்புறம் அந்த ணங்கும் டணாரும் குறைந்து குறைந்து, ஒருநாள் இல்லாமலே போய்விட்டது. வயசுக்கு ஒரு பக்குவம் வந்துவிட்டது என்று குற்றாலிங்கத்துக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். எங்க வீட்ல சத்தம்னு ஒண்ணு கிடையாது பாத்துக்கிடுங்க, நூல் பிடிச்ச மாதிரிப் போகுது குடும்பம் என்று. அப்போது அவள் காப்பி கொண்டுவந்தாள். வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இவர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, இவர் முகத்தையே ஒரு பார்வை பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள்? நல்லதைத்தானே சொன்னேன்? அந்தப் பார்வையில்தான் எப்போதும் வந்து மாட்டிக்கொள்கிறது. தமரு திருகும்போதும் அந்தப் பார்வை, ராத்திரி பாயில் கிடக்கும்போதும் அந்தப் பார்வை.

தோளில் சுரீரென்று ஒரு வலி ஓடியது. நிறுத்தி மூச்சு வாங்கினார். வெயில் படகுக்கொட்டகையின் ஓலைக்குள் புகுந்து துண்டு துண்டாக மணலில் கிடந்தது. பக்கத்துப் படகில் கலப்பத்துக்காரர்கள் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி அடைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அந்தச் சுத்தியல் சத்தத்தில் மண்டை விண்ணென்று தெறிக்கும். இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கையில் வலுவே இல்லை, பஞ்சுமெத்தையில் அடிக்கிற மாதிரி பொத்துப் பொத்தென்று அடிக்கிறான்கள். கையை மட்டும் நல்லா ஓங்குகிறான்கள். முட்டுக்கட்டை மேல் ஒரு காக்கா உட்கார்ந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. அதற்கும் அலுப்பு போல. கடலும் ஒரு மாதிரி அடங்கித்தான் கிடந்தது. முன்பு போல எதுவும் இல்லை, உலகமே கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று குற்றாலிங்கத்துக்குத் தோன்றியது. மகள் போன் பண்ணினால்கூடக் கொசு முனகுகிற மாதிரி என்னமோ வரும். உங்க அம்மாகிட்டப் பேசும்மா என்று கொடுத்துவிடுவார். இப்போது கொடுக்க ஆள் இல்லை. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அவள் என்ன கேட்டாளோ.

வீடு வேறு சும்மா இருக்க விடவில்லை. தனியாகச் சோறு பொங்கித் தின்றுவிடலாம், அது ஒரு பெரிய காரியம் இல்லை. அந்தக் குளியலறைக் கதவுதான் உயிரை எடுக்கிறது. சாத்தினால் நிற்காது, தானாகத் திறந்துகொண்டு வெளியே போய்விடும். அதற்குக் கொண்டி கிடையாது. ஊருக்கெல்லாம் நிலையும் கதவும் அடித்துக் கொடுத்த ஆசாரி வீட்டில் குளியலறைக்குக் கொண்டி கிடையாது, வெளியே சொன்னால் வாரியலால் அடிப்பார்கள். பர்மாவை வைத்து நாலு துளை போட்டால் முடிகிற வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. உலகம்மாள் எவ்வளவு காலமாகக் கேட்டாள். அவள் குளிக்கும்போது வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் வந்துவிடக் கூடாதே என்று செம்பால் வாளியில் தட்டிக்கொண்டே குளிப்பாள், இருமிக்கொண்டே குளிப்பாள். ஒருநாள் இவர் பாட்டுக்குப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார், கிணற்று உருளையைக் காட்டுவதற்காக. அவள் ஈரச்சேலையை வாரிச் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தட்டவேண்டியதுதானே, இருமவேண்டியதுதானே என்று இவர்தான் அன்றைக்குச் சலித்துக்கொண்டார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் கொண்டியைப் பற்றி அவள் கேட்டதாகவே ஞாபகம் இல்லை. சரி, அது வேண்டாம் போல என்று விட்டாச்சு. ஐயோ, அதற்காகவா போனாள்? ஒரு கொண்டிக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்?

தமரு திடீரென்று கனத்தது. கை திருகினால் தமரு வரமாட்டேன் என்றது. கணு. குற்றாலிங்கத்துக்கு உள்ளங்கையே சொல்லிவிட்டது, பெரிய கணுதான், மரத்தின் வயிற்றுக்குள் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கணுவில் முட்டின தமரு நேராகப் போகாது, வழுக்கி ஒன்று ஏறும், இல்லை இறங்கும். இந்த இடத்தில்தான் பக்கத்து ஆளின் கண் வேண்டும், இந்த இடத்தில்தான் ஆவுடையின் ஆணி கிணுங் கிணுங்கென்று பேசும். குற்றாலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு திருகினார். ஒன்றும் இல்லை. இன்னும் திருகினார். ஒன்றுமே இல்லை. பரவாயில்லையே, கணுவையும் நேராகப் பிளந்துகொண்டு போகிறதே, கிழட்டுக் கைக்கு இன்னும் வேகம் இருக்குடா என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணமே சந்தேகம் வந்தது. கணுவைக் கடக்கும்போது ஒரு தட்டு கூடவா வராது? இத்தனை காலத்தில் அப்படி ஒருநாள் உண்டா? தூங்கிட்டானோ. தின்ற சோறு அப்படி. இல்லை, எழுந்து போயிட்டானோ. இல்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சும்மா இருக்கிறானோ? பார்த்துக்கொண்டே! கெட்டுப் போகட்டும் கிழவன், எங்க அக்கா கண்ணீர் சும்மா விடுமா, இந்தத் துளை கோணட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று. இருக்கும். ஏன் இருக்காது? காலையில் வந்ததில் இருந்து அவன் போக்கே சரியில்லை. சே, ஆவுடையா? தொட்டில் கட்டின கயிற்றுக்கு வளையம் நான் போட்டுக் கொடுத்தேன் அவன் பிள்ளைக்கு. அவன் செய்வானா? செய்வான், கூடப் பிறந்தவளுக்காக எவனும் செய்வான். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்கத்தான் கழுத்து வரவில்லை. பார்த்தால் அந்த முகத்தில் அவள் முகம் இருக்கும், அதே மூக்கு, அதே கீழ்உதடு. பங்குனியில் இருந்து அந்த முகத்தை நேராகப் பார்க்காமலேதான் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு திருகு. நேராகத்தான் போகுது. நேராகத்தான் போகும். தட்டு இல்லையே. தட்டு இல்லையென்றால் நேர்தானே. இன்னும் ஒரு திருகு. முடியவில்லை. குற்றாலிங்கம் கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

ஆவுடை தூங்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. முகம் வேர்த்து, கண் நூலிலேயே நிலைகுத்தி, ஆணியை ஓங்கி உளித்தகட்டில் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. நிறுத்தம். கை ஏறி இறங்குகிறது, ஆணி தகட்டில் பட்டுத் துள்ளுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் இல்லை. மருந்துக்குக்கூட இல்லை.

குற்றாலிங்கம் தமரை விட்டார். கை தானாக விட்டுவிட்டது. ஆவுடை நிமிர்ந்து பார்த்தான், வாய் அசைந்தது, என்னமோ முனகின மாதிரி மட்டும் வந்தது. இவர் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடி வந்தான்.

"என்னத்தான், நெஞ்ச வலிக்கா?"

பக்கத்தில் வந்து கத்தினதால் கேட்டது.

"எம்புட்டு நேரமாலே தட்டுதே?"

"கணுவுல முட்டுனதுல இருந்து தட்டிக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு நூல் அளவு கீழ இறங்கிட்டு. நீங்க பாட்டுக்குத் திருகுதிய. என்ன கோவமோ, வேணும்னுதான் கேக்காத மாதிரித் திருகுதியளோன்னு நெனச்சேன்."

"எந்திரிச்சு வந்து சொல்ல வேண்டியதுதானல?"

"துளை போடும்போது வாயத் தொறக்கப்படாதுன்னு உங்க சட்டம்லா அத்தான். தொறந்தா வையுவியள்லா."

குற்றாலிங்கம் கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். துருவல் தொடையில் குத்தியது, தட்டிவிடத் தோன்றவில்லை. தட்டிக்கிட்டேதான் இருக்கேன். டம்ளர். அந்த டம்ளர்கள் அத்தனையும். அவள் வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், ணங் ணங்கென்று, இத்தனை வருஷமும், தரை பேர்கிற மாதிரி. வந்தவர்கள் முன்னால் அன்றைக்கு வைத்தாளே ஒரு காப்பி டம்ளர், அதையும் ஓங்கித்தான் வைத்திருப்பாள். சத்தமே கிடையாது எங்க வீட்ல என்று இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, பாவி. வந்தவர்கள் இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திக் குனிந்துகொண்டார்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறது. குளிக்கும்போது செம்பால் தட்டியிருப்பாள். இருமியிருப்பாள், தொண்டை வலிக்க இருமியிருப்பாள், புருஷன் அந்நிய ஆளைக் கூட்டிக்கொண்டு நேரே வருகிறான். கொண்டி கேட்பதையும் அவள் நிறுத்தியிருக்கமாட்டாள். கேட்டுக்கொண்டேதான் இருந்திருப்பாள் அந்தத் தணிந்த குரலில். இவரும் ம் போட்டுக்கொண்டேதான் இருந்திருப்பார். தட்டு இல்லையென்றால் நேர் என்று மரத்துக்குப் போட்ட சட்டத்தைக் கொண்டுபோய் வீட்டிலும் போட்டுவிட்டு, நூல் பிடிச்ச மாதிரிப் போகுது என்று பெருமை வேறு. அழுகை வந்தது. கொட்டகையில் ஆட்கள் இருந்தார்கள், துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டார்.

ஆவுடை தமரை உருவி வெளியே எடுத்து, ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தான். அப்புறம் அவர் காதுப் பக்கம் குனிந்தான். "மரம் தப்பிச்சுட்டு. காலைல அந்தப் பக்கத்துல இருந்து போட்டு வந்து சந்திப்போம். பெரிய தமரால துளையப் பெருசாக்கையில இந்த ரெண்டு நூலும் அதுல போயிரும்."

அது போய்விடும். குற்றாலிங்கம் அவன் முகத்தை நேராகப் பார்த்தார். அதே மூக்கு, அதே கீழ்உதடு.

"மாப்ளே, எனக்குக் காது கேக்கல. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா இருக்கும் போல." சொல்லிவிட்டு அவன் வாயையே பார்த்தார். "உங்க அக்கா கெளம்புன அன்னைக்கு என்னமோ சொன்னா. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

ஆவுடைக்குக் கோபமா, இரக்கமா, எது முதலில் வருவது என்று தெரியவில்லை. அப்புறம் சத்தமாகச் சொன்னான். கலப்பத்துக்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"போறேன்னு சொன்னாளாம், ம்முன்னியளாம். நான் போகலாமா, இருக்கணுமா, இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருக்கேன்னு கேட்டாளாம். அதுக்கு நீங்க, சரின்னுட்டியளாம்."

கொட்டகையில் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும். குற்றாலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரி என்ற அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்து நாக்கால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், கசந்தது. அவள் பையோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஏரல் வரைக்கும் அந்தச் சரியை எப்படிக் கொண்டுபோனாளோ. தலையை நிமிர்த்தி, "இன்னைக்கு நானும் உங்கூட ஏரலுக்கு வாரேன்" என்றார்.

ஆவுடை குனிந்து, துணியால் தமரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டியபடியே என்னமோ சொன்னான். தாடை அசைந்தது தெரிந்தது. குற்றாலிங்கத்துக்கு ம் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, பழக்கம். அதை விழுங்கிக்கொண்டு எழுந்து போய் அவன் தோளைத் தொட்டார்.

"கேக்கல மாப்ளே. இந்தப் பக்கம் திரும்பி இன்னொருக்கச் சொல்லு."

ஆவுடை திரும்பினான். "குளியலறைக்குக் கொண்டி போட்டாச்சான்னு கேட்டேன். போனதும் அக்கா அதத்தான் கேப்பா."

"இல்ல. போடல."

"அப்ப மொதல்ல உங்க வீட்டுக்குப் போவோம். அத முடிச்சிட்டுப் பெறவு பஸ் ஏறலாம்."

குற்றாலிங்கம் பெட்டியைத் திறந்து, உளிகளுக்கு அடியில் கிடந்த சின்ன பர்மாவைத் தேடி எடுத்தார். நுனி துருப்பிடித்திருந்தது. அரத்தைக் கையில் எடுத்தவர், அன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது ஞாபகம் வந்து, அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, ஆவுடை தட்டிக்கொண்டிருந்த ஆணியையும் உளியையும் வாங்கித் தன் காதோரம் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டிப் பார்த்தார்.